கான்வென்ட் என்ற பேர்

என் ஒரே மகள் கன்னியாஸ்திரி ஆகிறேன் என்று போய்விட்டாள். கையோடு கூட்டி வந்துவிடலாம் என்று கான்வென்ட்டுக்குப் போனேன். வண்டியை வாசலிலேயே நிற்கச் சொல்லியிருந்தேன்.

“ஆளை உள்ள போட்டுப் பூட்டிட்டு, கான்வென்ட்னு பேரு வேற!” என்றேன் மகளிடம்.

“பூட்டுறது இல்லப்பா. லத்தீன்ங்கிற பழைய பாஷையில கூடி வர்றதுன்னு அர்த்தம். முதல்ல கூடுற ஆளுங்களுக்குப் பேரு, அப்புறம் அவங்க இருக்கிற வீட்டுக்கும் அதே பேரு.”

“யாருக்குக் காது குத்துற? அர்த்தமா சோறு போடுது?”

“சோத்து நேரம்தான், வாங்க.”

சாப்பாட்டு மேசையில் ஒருவரும் இல்லை. எல்லோரும் தட்டோடு பின்னறையில், எழுந்து உட்கார முடியாத ஒரு கிழவியின் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். என் மகள் அவளுக்குக் கஞ்சியை ஆற்றி ஊட்டினாள்.

“இவரு யாருடி, முறைக்கிறாரு?” என்றாள் கிழவி.

“எங்கப்பா, சிஸ்டர். என்னைத் தூக்கிட்டுப் போக வந்திருக்காரு.”

“முதல்ல சாப்பிடச் சொல்லு. வெறும் வயித்தோட உன்னைத் தூக்க முடியுமா?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் ஒரு தட்டோடு உட்கார்ந்தேன். நான் கண்ணை மூடிய பிறகு, என் வீட்டில் என் மகள் இப்படிப் படுத்தால் சுற்றி உட்கார யார் இருக்கிறார்கள்?

அந்த லத்தீனை நான் இன்னும் நம்பவில்லை. ஆனால் வண்டியில் நான் மட்டும்தான் ஏறினேன்.