தேர்வறையில் ஒரு வாளி

பரீட்சைத் தேதி ஒட்டிய அன்றைக்கே ஹோஸ்னியாவின் உள்ளங்கை எரியத் தொடங்கிவிடும்; மறுநாள் அதிலிருந்து கடல்நீர் ஒழுகும். வியர்வை என்றுதான் முதலில் நினைத்தார்கள். ஆறாம் வகுப்பு முழுப் பரீட்சை வாரத்தில் அவள் படுத்த பாய்க்குக் கீழே நண்டுக்குஞ்சு ஒன்று ஊர்ந்தது. அதற்குப் பிறகு யாரும் வியர்வை என்று சொல்லவில்லை.

மதுராத் தீவின் தென்கரையில் வெயில் காலம் வந்தால்தான் உப்பு. ஏப்ரலில் உப்பளமெல்லாம் மழைத்தண்ணீர் நின்று சும்மா கிடக்கும். பரீட்சையும் அதே ஏப்ரலில்தான். அவள் அப்பா மாத்ராவி, மகளின் கைக்குக் கீழே முதலில் கிண்ணம் வைத்தார், அடுத்து வாளி வைத்தார், அவள் ஒன்பதாம் வகுப்புக்கு வந்தபோது வீட்டுக்குப் பின்னால் ஒரு பாத்தியே கட்டினார். ஊரில் ஒருவரிடமும் உப்பு இல்லாத மாதத்தில் அவரிடம் மட்டும் பதினோரு மூட்டை, வெள்ளை வெளேரென்று. விடைத்தாள் நனைந்து ஊறிப்போனதால் திருத்துகிற கம்ப்யூட்டர் அதைத் துப்பிவிட்டது. ஹோஸ்னியா ஒன்பதாம் வகுப்பை இன்னொரு தடவை படித்தாள். மாத்ராவி பாத்தியை அகலப்படுத்தினார்.

ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். ஓதின தண்ணீர், ஓதின பென்சில், கையில் பூச அரிசிமாவு. பயப்படாதே என்று சொல்லிவிட்டுப் போனவர்கள்தான் அதிகம். அப்படி ஒருவர் சொல்லிவிட்டுப் போனால் அரை வாளி கூடும்.

பன்னிரண்டாம் வகுப்பு வந்தது. தேறினால் சுரபாயா பட்டணத்தில் நர்ஸ் படிப்பு, தவறினால் அளத்தில் உப்பு வாரும் பலகை. அந்தப் பலகையின் கனம் அவள் இடுப்புக்கு ஏற்கெனவே தெரியும்.

பரீட்சைக்கு முந்தின நாள் காலை, வீட்டுப் பெரியவர்களின் காலைக் கழுவி மன்னிப்புக் கேட்டால் மனசு லேசாகும் என்பது அங்கே வழக்கம். ஹோஸ்னியா அம்மாவிடம் கேட்டாள், பக்கத்து வீட்டில் கேட்டாள், கோழியைக் கல்லால் அடித்ததற்காகக் கோழிக்காரியிடமும் கேட்டாள். கடைசியில் அப்பாவின் காலடியில் உட்கார்ந்தபோது வேறு தண்ணீர் தேவைப்படவில்லை.

"மன்னிச்சிருங்கப்பா."

"மன்னிச்சாச்சு, மன்னிச்சாச்சு. பாத்திப் பக்கமா வந்து கழுவும்மா, தண்ணி வீணாப் போகுது பாரு. இன்னிக்கு ஒரு நாள் நல்லா பயந்துக்கோ, பதினஞ்சு மூட்டை ஆயிரும்."

ஹோஸ்னியா எழுந்துவிட்டாள். "நான் என்ன தப்புப் பண்ணேன்னு ஊரு பூரா கால் கழுவிட்டுத் திரியறேன்? ஏழு வருஷமா என் பயத்தை வித்துத் தின்னது யாரு? நீங்க கேளுங்க மன்னிப்பு!"

"அப்பன் மககிட்ட கேக்கறதா? எந்த ஊர்லடி அது?"

"மக கைக்குக் கீழ பாத்தி கட்டுன ஊர்ல!"

இடுப்பில் கை வைத்து நின்றாள். பாவாடை நனையவில்லை. கை காய்ந்து கிடந்தது. தண்ணீர் குதிகாலில் வழிந்துகொண்டிருந்தது. அம்மாதான் முதலில் பார்த்தாள். "அசையாதடி, அப்படியே கோவமா நில்லு," என்றாள்.

மறுநாள் ஹோஸ்னியா தேர்வறைக்கு வாளியோடு போய், இரண்டு காலையும் அதற்குள் வைத்து உட்கார்ந்தாள்.

"என்ன இது?" என்றார் கண்காணிப்பாளர் சுகெங்.

"கால் சார்."

"கால் தெரியுது. வாளி எதுக்கு?"

"வடியறதுக்கு சார்."

அவர் விதிப்புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். வாளி கூடாது என்று எங்கும் போடவில்லை. பதினேழாவது கணக்கில் பயம் மேலே ஏறி விரல்நுனி ஈரமானது. அவள் அந்தப் பதினைந்து மூட்டையை நினைத்தாள், அப்பாவின் முகத்தை நினைத்தாள். தண்ணீர் சரசரவென்று கீழே இறங்கியது. வாளி இரண்டு தடவை நிரம்பியது. சுகெங்கே முணுமுணுத்துக்கொண்டு ஜன்னல் வழியாகக் கொட்டினார். தாள் நனையாமல் போய்ச் சேர்ந்தது, அவள் தேறினாள்.

அடுத்த வருஷம் பள்ளிக்கூடச் சுவரில் ஒட்டிய பட்டியலில் பென்சில், அழிப்பான், நுழைவுச்சீட்டு, தேவைப்படுவோர்க்கு வாளி என்று இருந்தது. நான்கு பிள்ளைகள் கொண்டுவந்தார்கள்.

ஹோஸ்னியா இப்போது சுரபாயாவில் நர்ஸ். ஊரில் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற பாத்தியில் வாத்து நீந்துகிறது. மாத்ராவி மாதம் ஒரு தடவை போனில் மழையைப் பற்றிப் பேசுகிறார், முழங்கால் வலியைப் பற்றிப் பேசுகிறார். மகளிடம் அவர் கேட்க வேண்டிய மன்னிப்பு ஒன்று இன்னும் பாக்கி இருக்கிறது.