சத்து மாத்திரை

காலையில் ஏதாவது சாப்பிட்டீர்களா என்று ஊசியைக் குத்துவதற்கு முன் லேப் பெண் கேட்டாள். அதற்கும் மாமியார் அபிதகுசாம்பாள்தான் பதில் சொன்னாள். ஜெயப்ரியாவின் வாய்க்கு அந்த வீட்டில் வேலையே இல்லை. அதற்காக அபிதகுசாம்பாளைக் கெட்டவள் என்று சொல்லிவிட முடியாது. கல்யாணமாகி ஐந்து வருஷமாகியும் பிள்ளையில்லை என்று தெருவில் எவளாவது முணுமுணுத்தால், வாயைக் கிழித்துத் தோரணம் கட்டிவிடுவாள். அந்தப் பாசம்தான் மருமகளுக்கு எமனாக வந்தது.

ரத்தம் ஆரணியிலிருந்து வேலூருக்குப் போய், சனிக்கிழமை ரிப்போர்ட் வந்தது. ப்ரோலாக்டின் எக்கச்சக்கம் என்றார் டாக்டரம்மா. பால் கொடுக்கிற தாய்க்குச் சுரக்க வேண்டியது இவளுக்கு வீணாகச் சுரக்கிறதாம். அதனால்தான் தீட்டு மாசக்கணக்கில் நின்றுபோகிறதாம்.

"மனசுக்கு, தூக்கத்துக்குன்னு மாத்திரை எதனா சாப்பிடறாங்களா? அதுலகூட இது ஏறும்."

ஜெயப்ரியா வாயைத் திறப்பதற்குள் மாமியார் முந்திக்கொண்டாள்.

"அதெல்லாம் எங்க ஊட்ல யாருக்கும் கெடையாதுங்க. அவங்க அம்மா கொண்டாந்து குடுக்கற சத்து மாத்திரைதான். நானே என் கையால குடுத்துகினு வர்றேன்."

சத்து மாத்திரை நல்லதுதான், நிறுத்த வேண்டாம் என்று சொல்லி, டாக்டரம்மா சுரப்பைக் குறைக்கப் புதிதாக ஒன்றை எழுதிக் கொடுத்தார்.

அம்மா கொண்டுவரும் பாட்டிலில் இருந்தது சத்து மாத்திரை இல்லை. பிறந்த ஊரான தேசூரில், கல்யாணத்துக்கு முன், ஜெயப்ரியாவுக்குக் காதில் குரல்கள் கேட்டன. எங்கெங்கோ அலைந்து கடைசியில் மாத்திரைக்குத்தான் அடங்கியது. தாலி ஏறினால் தானாகத் தெளிந்துவிடும் என்று பெரியவர்கள் முடிவு கட்டி, மாப்பிள்ளை வீட்டில் மூச்சுவிடாமல் காரியத்தை முடித்தார்கள். அம்மா அமாவாசைக்கு அமாவாசை சத்து மாத்திரை பாட்டிலில் அதைப் போட்டுக் கொண்டுவந்தாள். பேரன் ஆசையில் அபிதகுசாம்பாள் அதைத் தன் பொறுப்பில் வைத்துக்கொண்டாள்.

போன வருஷம் ஜெயப்ரியா அதை நாக்குக்கு அடியில் ஒதுக்கி, மாமியார் திரும்பியதும் துப்பி வந்தாள். தீட்டு தவறாமல் வந்தது. பிள்ளைக்கு மனசுக்குள் பேர்கூட வைத்துவிட்டாள். அப்புறம் ஒருநாள், வீட்டுத் தறியில் பட்டு நெய்கிற கணவன் சந்திரமோகன் டீ குடிக்கப் போயிருந்த நேரத்தில், ஆளில்லாத தறி அவள் பேரைச் சொல்லித் திட்டியது. சுயநினைவு வந்தபோது கையில் கத்தரிக்கோல் இருந்தது. முகூர்த்தப் புடவைக்கு இழுத்துக் கட்டியிருந்த பாவு நூலில் நாலைந்து இழை அறுந்திருந்தன. எலி என்று நினைத்துச் சந்திரமோகன் முடிபோட்டுக்கொண்டான். அன்றிலிருந்து அவள் மறுபடி ஒழுங்காக விழுங்கத் தொடங்கினாள்.

மாத்திரை போட்டால் பிள்ளையில்லை, போடாவிட்டால் புத்தியில்லை. உண்மையைச் சொன்னால் இந்த வீடே இல்லை. இதை யாரிடம் போய் அழுவது?

அன்று விளக்கு வைத்ததும் அபிதகுசாம்பாள் உள்ளங்கையை நீட்டினாள். பழைய மாத்திரையும் புதுசும் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன.

"ரெண்டும் சேந்து வேலை செய்யும்மா. தை பொறக்கறதுக்குள்ள நீ வாந்தி எடுக்கப் போற பாரு."

ஜெயப்ரியா புதுசை விழுங்கினாள். பழசு நாக்குக்கு அடியில் போய் ஒதுங்கிக்கொண்டது. துப்பப் போகிறோமா, விழுங்கப் போகிறோமா என்று அவளுக்கே தெரியவில்லை. மாமியார் தண்ணீர்த் தம்ளரைப் பிடித்தபடி சிரித்த முகமாக நின்றுகொண்டிருந்தாள். உள்ளே சந்திரமோகன் நெய்துகொண்டிருந்தான். தறிச் சத்தம் வெறும் சத்தமாகத்தான் இருக்கிறதா என்று காதைத் தீட்டிக் கேட்டாள். வாயில் மாத்திரை கசந்து கரைந்துகொண்டிருந்தது.