அசையாத பதினெட்டு

புகார்க் கடிதத்தில் கடைசிக் கையெழுத்து வெண்டல் போட வேண்டியது. கூட்டத்தில் எல்லோர் முன்னும் பேனாவைத் திறந்தார். போட வரவில்லை.

கடிதத்தை எழுதியவரே அவர்தான்; ஆற்றங்கரைக் கோடை வீட்டுக்காரர்கள் சங்கத்தின் செயலாளர். ‘மே மாதம், வெள்ளிக்கிழமை காலை மதகு திறப்பதாக என்னிடம் போனில் சொன்ன அணைப் பொறியாளர் ஒடெட், அப்போது திறக்காமல் பிறகு சொல்லாமல் திறந்தார். அவர்மேல் நடவடிக்கை வேண்டும்.’ ஆதாரம், வெண்டலின் படகுத்துறையில் இருந்த நீர்மட்ட அளவுப் பலகை. வெள்ளி காலை பதினெட்டு அங்குலம். மதியம் பதினெட்டு. மாலையும் பதினெட்டு.

அந்தப் பதினெட்டை நம்பித்தான் அன்று, ஆற்றோரம் தாழ்வில் கோடை வீடு வைத்திருக்கும் கிஸ்லேனுக்கு, நகரத்துக்குப் போன் செய்தார்.

“ஒரு அங்குலம் ஏறலை. அந்த இன்ஜினியர் பொண்ணு வருஷாவருஷம் இப்படித்தான் பூச்சாண்டி காட்டுது. சாமானைத் தூக்கி வைக்கணும்னு நீ அலையாதே.”

அவள் வரவில்லை. சனிக்கிழமை அவளுடைய கோடை வீட்டில் ஜன்னல் வரை ஆறு நின்றது. தரை, மெத்தை, அடுப்பு, எல்லாம் போயிற்று. வெண்டலின் வீடு வளைவுக்கு அப்பால், உயரமான பாறைமேல், வாசற்படிகூட நனையவில்லை.

இன்று காலை, கூட்டத்துக்குக் கிளம்பும் முன் ஆதாரத்தைப் படமெடுக்கத் துறைக்கு இறங்கினார். வெள்ளம் வடிந்து ஒரு மாதம். பாறையில் இடுப்பளவு உயரத்தில் சேற்றுக் கோடு. வெள்ளத்தின்போது மட்டமாகக் கிடந்த, கரையிலிருந்து துறைக்கு இறங்கும் நடைபாலம் இப்போது சரிந்து தொங்கியது. குனிந்து அளவைப் பார்த்தார்.

பதினெட்டு.

அப்போதுதான் உறைத்தது. இந்த வருஷம் பனி உருகியதும், பழைய மரத்தூண் துறையைப் பிரித்துவிட்டு மிதவைத் துறை போட்டிருந்தார். தூணிலிருந்த பலகையைப் பத்திரமாகக் கழற்றி, மிதவையின் பக்கத்தில் அறைந்ததும் அவரே. ஆறு ஏறினால் மிதவை ஏறும். பலகையும் கூடவே ஏறும்; எண் மாறவே மாறாது. பொருள்கள் ஏன் மிதக்கின்றன என்று முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திய மனுஷர்!

பலகையைக் கழற்றி ஆற்றில் வீசிவிடத்தான் கை போனது. வீசவில்லை. இப்போது அது வெளியே, அவர் காரின் பின்சீட்டில் கிடக்கிறது.

“என்ன வெண்டல், பேனால மை இல்லையா? இல்ல, வாத்தியார் எழுத்துப்பிழை தேடுறாரா?” என்றார் பக்கத்து நாற்காலி மார்ட். கூட்டம் சிரித்தது.

பின்வரிசையில் ஒடெட், மடியில் மதகுப் பதிவுக் கோப்போடு உட்கார்ந்திருந்தாள். சிரிக்கவில்லை.

“போடுங்க வெண்டல்,” என்றாள் கிஸ்லேன். “நீங்க கேக்கலேன்னா இவங்களை யாரு கேப்பா?”

அந்த வார்த்தைதான் அவரை எழுப்பியது. வெளியே போனார். பலகையோடு வந்து அதை மேஜைமேல், கடிதத்தின் மீதே வைத்தார்.

“இதை நான் மிதவைல அறைஞ்சிருந்தேன்.”

இரண்டு நொடி யாருக்கும் புரியவில்லை.

“மிதவைலயா?” மார்ட்டுக்குச் சிரிப்பு பீறிட்டது. கிஸ்லேனின் முகத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றது.

“ஒடெட் சொன்ன நேரத்துக்குத்தான் தண்ணி வந்துச்சு,” என்றார் வெண்டல். காது மடல் எரிந்தது. “தப்பு என்னோடது.”

ஒடெட் கோப்பைத் திறக்கவே இல்லை. குனிந்து அதன் நாடாவை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் ஏதாவது திட்டியிருந்தால் தேவலை.

கிஸ்லேன் மெதுவாகச் சொன்னாள். “அன்னைக்கு நான் காரை ஸ்டார்ட் பண்ணிட்டேன் வெண்டல். உங்க போன் வந்துச்சு. காரை அணைச்சிட்டு உள்ள போயிட்டேன்.”

வெண்டல் நின்றுகொண்டே இருந்தார். உட்காருங்கள் என்று யாரும் சொல்லவில்லை.