யாரும் அடிக்காத அடி

எங்கள் வீட்டில் ரெக்கார்டு சுற்றும்போது தையல் மெஷின் ஓடக் கூடாது. மிக்ஸி ஓடக் கூடாது. பாத்திரம் கீழே விழுந்தால் அதோடு சேர்ந்து நானும் விழுந்து தொலைத்திருக்கலாம் என்பது போல என் வீட்டுக்காரர் ஒரு பார்வை பார்ப்பார். கல்யாணமான புதிதில் பயந்தேன். அப்புறம் எரிச்சல் வந்தது. அதற்கும் அப்புறம், மனுஷன் குடிக்கவில்லை, சீட்டாடவில்லை, இதையாவது கேட்டுவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

இவருக்குப் பல் செட் செய்யும் வேலை. டாக்டர்கள் அளவெடுத்து அனுப்பும் வாய் அச்சுகளை வைத்துக்கொண்டு பகல் முழுக்க யாருடைய பல்லையாவது தேய்த்துக்கொண்டிருப்பார். அந்த மோட்டார் இரைச்சலிலிருந்து வீட்டுக்கு வந்ததும் முகம் கழுவி, முன்னறையில் நான் தைத்துப் போட்டிருக்கும் திரைச்சீலைகளை ஓரமாகத் தள்ளிவிட்டு, ஒரு ரெக்கார்டை உறையிலிருந்து எடுப்பார். விளிம்பை மட்டும் உள்ளங்கைகளில் தாங்கி எடுப்பார். எங்கள் பெண் பிறந்தபோதுகூட அவளை அவ்வளவு பக்குவமாகத் தூக்கவில்லை.

எங்கள் தெருவில் வேறு யாரும் சீண்டாத பாட்டுகள். ப்ளூஸ் என்று ஒன்று. ஒரு ஆள் கிடாரை வைத்துக்கொண்டு, பெண்டாட்டி போனதையும் வேலை போனதையும் புலம்புவான். ஒரு வரியைச் சொல்லுவான், அதையே இன்னொரு தடவை சொல்லுவான், மூன்றாவதில்தான் விஷயத்துக்கு வருவான். என் நாத்தனார் பேசுவதும் அப்படித்தான் என்பதால் எனக்கு அது சுலபமாகப் பிடிபட்டது. ஜாஸ் அப்படியில்லை. நாலு பேர் ஒரே நேரத்தில் பேசும் வீடு அது. யார் சொல்வதும் யார் காதிலும் ஏறாதது போல இருக்கும், ஆனால் முடிக்கும்போது எல்லோரும் ஒரே வாசலில் வந்து நிற்பார்கள்.

ஆனால் இவருக்கு உயிர் என்றால் மேற்கு ஆப்பிரிக்க ரெக்கார்டுகள்தான். ஏழெட்டு மேளம், சுரைக்குடுக்கை, நடுவில் ஒரு இரும்பு மணி. மேளம் எல்லாம் தன்பாட்டுக்கு எங்கேயோ போகும். அந்தச் சின்ன மணிதான் எல்லோரையும் பிடித்து வைத்திருக்கும் என்பார். ஒரு நாள் என்னையும் உட்கார வைத்து வகுப்பெடுத்தார்.

"இதுல ஒரு அடி இருக்கு பாரு, அதை யாரும் அடிக்க மாட்டாங்க. எல்லாரும் அதைச் சுத்தி சுத்தி அடிப்பாங்க. கேக்கறவன்தான் அதை மனசுல போட்டுக்கணும்."

"அடிக்காத அடி எனக்கு எப்படிக் கேக்கும்?"

"கேக்கும். கொஞ்ச நாள்ல தானா கேக்கும்."

எனக்குக் கேட்கவில்லை. இவருக்குக் கேட்டது. கண்ணை மூடிக்கொண்டு, சரியாக அந்த இடத்தில் தலையை ஒரு சின்ன வெட்டு வெட்டுவார். அப்போது இவர் முகத்தில் இருக்கும் சந்தோஷத்தைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாகவே இருக்கும்.

அப்படிப்பட்டவருக்குத் தொண்டையில் கட்டி வந்தது.

புற்றுநோய் டாக்டர் நல்ல மாதிரி. சுற்றி வளைக்காமல் சொன்னார். கதிர்வீச்சு, அதாவது கரண்ட் வைக்க வேண்டும், கூடவே ஊசி மருந்து, சில வாரம் இடைவெளி விட்டு மூன்று தடவை. குணமாக நிறைய வாய்ப்பு இருக்கிறது. "ஒண்ணே ஒண்ணு. இந்த மருந்து சில பேருக்குக் காதைக் கெடுக்கும். மெல்லிசான, கூர்மையான சத்தமெல்லாம் முதல்ல போகும். போனது திரும்பி வராது."

இவர் எழுந்துவிட்டார். அறையை விட்டே வெளியே போய் நடையில் நின்றுகொண்டார். நான் பின்னாலேயே ஓடினேன்.

"இந்த ஊசி வேணாம்," என்றார். "வேற எதாவது குடுக்கட்டும். இல்லன்னா கரண்ட் மட்டும் வைக்கட்டும்."

"பைத்தியமா உங்களுக்கு? உயிர் பெருசா, காது பெருசா?"

இவர் யோசித்தார். உயிரா காதா என்று ஒரு மனுஷன் நின்று யோசிப்பதைப் பார்த்து எனக்குப் பொறுக்கவில்லை. "காதை பத்திரமா வச்சுக்கிட்டு நீங்க போய்ச் சேந்துட்டா, அந்த ரெக்கார்டு அலமாரியை நான் என்ன பண்றது? கட்டிக்கிட்டு அழவா?" என்று கத்தினேன். நடையில் உட்கார்ந்திருந்த ஒரு மொட்டைத் தலைப் பெண் எங்களையே பார்த்தாள்.

டாக்டர்தான் வழி சொன்னார். ஒவ்வொரு ஊசிக்கு முன்னாலும் காது டெஸ்ட் எடுப்போம். கொஞ்சம் குறைந்தாலும் உடனே வேறு மருந்துக்கு மாறிவிடலாம். அது இவ்வளவு வீரியம் இல்லை, ஆனாலும் பரவாயில்லை. இவர் டாக்டரிடம் அதை இரண்டு தடவை சொல்ல வைத்துக் கேட்டுக்கொண்டார். பிறகுதான் கையெழுத்துப் போட்டார். டெஸ்ட் இருக்கிறது என்ற ஒரே தைரியத்தில் போட்டார்.

காது டெஸ்ட் எடுக்கும் அறை ஒரு பெரிய பெட்டி. சுவரெல்லாம் பஞ்சு. உள்ளே இவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கையில் ஒரு பட்டனோடு உட்கார வேண்டும். சத்தம் கேட்கும்போதெல்லாம் பட்டனை அமுக்க வேண்டும், அமுக்கினால் வெளியே ஒரு விளக்கு எரியும். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒரு சின்னப் பெண் உட்கார்ந்து மெஷினைத் தட்டுவாள். அன்றைக்கு வரிசையில் நிறையப் பேர். அவள் கொட்டாவி விட்டுக்கொண்டே ஒரே சீராகத் தட்டினாள். ஒரு சத்தம், கொஞ்சம் இடைவெளி, ஒரு சத்தம், அதே இடைவெளி. நான் அவள் விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே இவர் கண்ணை மூடியிருந்தார்.

முதல் ஊசிக்கு முன்னால் எடுத்ததில் காது நன்றாக இருந்தது. இரண்டாவது ஊசிக்கு முன்னாலும் அப்படியே இருந்தது. மூன்றாவதற்கு முன்னால் எடுத்தபோது அந்தப் பெண்ணே ஆச்சரியப்பட்டாள். "என்னங்க இது, உங்க வீட்டுக்காரருக்கு இருபது வயசுக் காது!" இவர் வகுப்பில் முதல் மார்க் வாங்கியவர் மாதிரி வெளியே வந்தார். தொண்டையெல்லாம் வெந்துபோய் எச்சில்கூட விழுங்க முடியாத நிலையில், என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டு நான் கழிவறைக்குப் போய் அழுதேன். சந்தோஷத்தில்தான்.

மூன்றாவது ஊசியும் ஏறியது. சில மாதம் கழித்து ஸ்கேன் எடுத்தார்கள், கட்டி சுத்தமாகப் போயிருந்தது. சொந்தக்காரர்கள் எல்லோரும் போன் செய்து, மறுபிறவி, மறுபிறவி என்றார்கள்.

இவர் மறுபடி முன்னறையில் உட்கார்ந்தார். சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்தார். ரெக்கார்டு ஊசியின் முனை தேய்ந்துவிட்டது என்று புதிதாக ஒன்று மாற்றினார். நான் கூப்பிட்டால் திரும்பவில்லை. அதை நான் கண்டுகொள்ளவே இல்லை, நான் கூப்பிட்டு இவர் என்றைக்குத் திரும்பினார்? அதோடு, அந்த மேள ரெக்கார்டைப் போட்டுவிட்டு, "மணி எவ்வளவு சுத்தமா விழுது பாரு," என்று இவரே சொல்கிறபோது எனக்கு என்ன சந்தேகம் வரும்?

எங்கள் மாப்பிள்ளைக்குக் கப்பலில் வேலை. மேற்கு ஆப்பிரிக்கத் துறைமுகம் ஒன்றில் இறங்கியபோது, மாமாவுக்கு என்று தேடிப்பிடித்து ஒரு ரெக்கார்டு வாங்கி வந்தார். இவர் கேள்விப்பட்டே இராத குழு. அட்டையில் மூன்று ஆண்களும் ஒரு பெண்ணும். இவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மதியச் சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு வந்து அதைப் போட்டார்.

ஆரம்பமே மணிதான். இரண்டு மணிகள், ஒன்றுக்கொன்று பதில் சொல்லிக்கொண்டு. பிறகு ஒரு புல்லாங்குழல். அந்தப் பெண்ணின் குரல் கூரையைத் தொட்டது. எனக்கே உடம்பு சிலிர்த்தது. என்னையறியாமல் நாற்காலிக் கையில் விரல் தட்டிக்கொண்டிருந்தது.

இவர் முகத்தைச் சுளித்தார். குனிந்து ஸ்பீக்கர் பக்கம் காதைக் கொண்டுபோனார். "என்ன மாப்பிள்ளை, ஏமாத்திட்டானுங்களே. அடியில தும் தும்னு மேளம் மட்டும்தான் வருது. மேல ஒண்ணையுமே காணோம். பதிவே சரியில்ல."

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். என் விரல் இன்னும் தட்டிக்கொண்டுதான் இருந்தது. இவர் எங்கள் இருவரையும் பார்த்தார். பிறகு என் விரலைப் பார்த்தார்.

"எதுக்குத் தட்டற?"

"சும்மாதாங்க."

"சும்மா எப்படித் தட்டுவ? அங்க என்ன இருக்கு?"

"மணிங்க," என்றேன்.

இவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். ரெக்கார்டு ஓடி முடிந்து, ஊசி உள்வட்டத்தில் கரகரத்தது. யாரும் எழுந்து போய் அதை எடுக்கவில்லை.

அடுத்த நாளே ஆஸ்பத்திரிக்குப் போனோம். அந்தச் சின்னப் பெண் இல்லை. நரைத்த மீசைக்காரர் ஒருவர் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்தார். அவர் சீராகத் தட்டவில்லை. ஒரு சத்தம் போடுவார், உடனே இன்னொன்று போடுவார், அப்புறம் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருப்பார். அவர் கை கட்டியிருந்தபோது உள்ளே இவர் கண்ணை மூடியபடி தலையை ஒரு சின்ன வெட்டு வெட்டிப் பட்டனை அமுக்கினார். எங்கள் பக்கம் விளக்கு எரிந்தது. கொஞ்சம் பொறுத்து மறுபடி எரிந்தது. மீசைக்காரர் மெஷினைத் தொடவே இல்லை.

அவர் எழுந்து போய்ப் பெட்டிக் கதவைத் திறந்தார். "ஐயா, நான் சத்தமே போடலையே."

"கேட்டுச்சே," என்றார் இவர். பொய் சொல்லவில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. "இப்பகூட ரெண்டு தடவை கேட்டுச்சே."

எனக்கு அங்கேயே புரிந்துவிட்டது. அந்தச் சின்னப் பெண் தாளம் மாறாமல் தட்டியிருக்கிறாள். முதல் நாலு சத்தம் காதில் விழுந்தால் போதும், மிச்சத்தை இவர் மனசே போட்டுக்கொண்டுவிட்டது. வேறு எவனாவது தாளம் தெரியாத முட்டாள் அங்கே உட்கார்ந்திருந்தால், இரண்டாவது டெஸ்டிலேயே தோற்றுப்போய், மருந்து மாறி, காது பிழைத்திருக்கும். வாழ்நாள் முழுக்க உட்கார்ந்து எதைக் கற்றுக்கொண்டாரோ அதுவே இவரைக் குழியில் தள்ளிவிட்டது. யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. அந்தப் பெண் மேல் வந்தது, டாக்டர் மேல் வந்தது, அந்த மணியை அடித்த முகம் தெரியாத ஆள் மேல்கூட வந்தது.

டாக்டர் ரொம்ப வருத்தப்பட்டார். பிறகு, உயிர் பிழைத்ததே பெரிய விஷயம் என்றார். வாசல்வரை வந்து வழியனுப்பினார். காது மெஷின் வைத்துக்கொள்ளலாமாம், பேச்சுக்கு ஓரளவு உதவுமாம், பாட்டுக்கு அவ்வளவாக உதவாதாம்.

சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே இவர் முன்னறையில் போய் உட்கார்ந்தார். ஒரு பழைய ஜாஸ் ரெக்கார்டைப் போட்டார். நான் துணி மடிப்பது போல அங்கேயே இருந்தேன்.

"தெரிஞ்சதெல்லாம் கேக்குது," என்றார். "இதோ, இப்ப டிரம்பெட் வரும். வருது. கேக்குது. அது இங்கேருந்து வருதா அங்கேருந்து வருதான்னுதான் தெரியல." முதலில் நெஞ்சைத் தொட்டார், பிறகு ஸ்பீக்கரைக் காட்டினார். "இனிமே புதுசா எதுவும் வாங்க வேணாம்னு மாப்பிள்ளைகிட்ட சொல்லிடு."

நான் தலையாட்டினேன்.

"நீ பேசறதும் அப்படித்தான்," என்றார். "சாப்பிட்டாச்சா, மாத்திரை போட்டாச்சா, கதவைச் சாத்தினீங்களா. அதெல்லாம் நல்லாவே கேக்குது. ஒரு கஷ்டமும் இல்ல." என்னைத் தேற்றுவதற்காகத்தான் சொன்னார். சொல்லிவிட்டு டிரம்பெட் பக்கம் திரும்பிக் கண்ணை மூடிக்கொண்டார்.

நான் இவர் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றேன். இத்தனை வருஷத்தில் நான் ஒரு தடவைகூட இவரிடம் சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. எங்கள் வீட்டில் அப்படியெல்லாம் பேசிப் பழக்கமில்லை. வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. இருந்தாலும் சொன்னேன்.

"எனக்கு நீங்க வேணும். காது போனாலும், எது போனாலும், எனக்கு நீங்க வேணும்."

இவர் கண்ணைத் திறக்காமலே தலையாட்டினார்.

"மாத்திரை போட்டுட்டேன்மா," என்றார். "அப்பவே போட்டுட்டேன்."