முதல் வெற்றிலை

எங்கள் ஊரில் இரண்டு குடிகள். அவற்றின் பெயர்களை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் எதை முதலில் எழுதினாய் என்று ஒரு வழக்கு வரும், அதைத் தீர்க்க இன்னொரு ஆய்வு செய்ய வேண்டிவரும். எங்கள் பக்கத்தில் குடி தாய்வழியாக வருவது. அம்மா எந்தக் குடியோ பிள்ளையும் அந்தக் குடி. கோயில் உரிமை, கோயில் காணி, திருவிழாவில் யார் முன்னே நிற்பது எல்லாம் அதை வைத்துத்தான். இது தெரியாமல் வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், ஒரு கிணறுகூட வெட்ட முடியாது.

இது நன்றாகத் தெரிந்த நான்தான் சுகாதாரக் கொள்கையின் அரசியலைப் பற்றி முதுமாணிப் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தேன். ஓர் ஆஸ்பத்திரிக்கு எது கிடைக்கும், எது கிடைக்காது என்பதை யார் தீர்மானிக்கிறார்கள்? மருத்துவர் சங்கம் எதற்குக் கொடி பிடிக்கும், இயந்திரம் இறக்குமதி செய்கிறவன் எந்தக் கதவைத் தட்டுவான், தனியார் ஆஸ்பத்திரிக்காரன் எதைத் தடுப்பான், தேர்தலில் நிற்பவர் எதற்கு நாடா வெட்ட ஓடிவருவார்? இப்படிப்பட்டவர்களை நலன்சார் குழுக்கள் என்று புத்தகங்களில் எழுதியிருப்பார்கள். அம்மாவிடம் சொன்னபோது சிரித்தார்.

"எல்லாரும் தன்ட தன்ட நலனைத்தான் பார்க்கிற. இதுக்கு ஒரு படிப்பா புள்ள?"

ஆனால் அந்தப் படிப்பே அம்மாவை நினைத்து எடுத்ததுதான். அம்மாவின் பெயர் வசந்தாதேவி. அவருக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. வாரத்தில் இரண்டு தரம் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும், இயந்திரமெல்லாம் வாவிக்குக் கிழக்கே, எழுவான்கரையில். விடிய எழும்பி ஆட்டோ பிடித்து, துறைக்குப் போய், 'பாதை' வரும்வரை காத்திருக்க வேண்டும். பாதை என்று நாங்கள் சொல்வது வாவியைக் கடக்கும் இயந்திர மிதவையை. காற்று பலமாக எழும்பினால் அது ஓடாது. அப்படி ஓடாத நாட்களில் அம்மாவின் கால் வீங்கி, மூச்சு வாங்கி, அவர் சுவரில் சாய்ந்தபடி இரவைக் கழிப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். துறையில் எங்களோடு நிற்பவர்களில் தக்சிகாவும் ஒருத்தி. என்னோடு ஒரே வகுப்பில் படித்தவள், இப்போது கணித ஆசிரியை. அவளுக்கும் அதே சிறுநீரக வருத்தம். அவள் மற்றக் குடி.

இந்த நிலையில்தான் எங்கள் கிராமத்து ஆஸ்பத்திரிக்கே சுத்திகரிப்பு இயந்திரங்கள் தரலாம் என்று சுகாதாரப் பணிமனையில் முடிவாயிற்று. ஒரு கட்டிடம் மட்டும் வேண்டும். ஆஸ்பத்திரியை ஒட்டிக் கிடந்த வெறுங்காணி கோயிலுக்குச் சொந்தமானது. இரண்டு குடித் தலைவர்களும் மாதம் முடிவதற்குள் ஒப்பமிட்டுக் காணியைக் கொடுத்தால் வேலை தொடங்கும். கொடுக்காவிட்டால் இயந்திரங்கள் வேறு மாவட்டத்துக்குப் போய்விடும். எங்கள் குடிக்குத் தலைவர் குஞ்சித்தம்பி மாமா, அம்மாவின் கூடப்பிறந்த அண்ணன். தங்கச்சியின் உயிர் விடயம் என்பதால் கையெழுத்து வந்துவிட்ட மாதிரித்தான் என்று நான் நினைத்திருந்தேன்.

அந்த முடிவு வந்தபின் தானே முன்வந்து இதற்கெல்லாம் ஓடித் திரிந்தவர் என் ஆய்வு மேற்பார்வையாளர் கிரிசாந்த் சேர். பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் மொய்க்கும் ஆள். அதிகாரிகளிடம் கதைத்தது, மகஜர் எழுதியது, கூட்டத்துக்கு நாள் குறித்தது எல்லாம் அவர். எங்கள் வீட்டுக்கு வந்து, பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அம்மா வைத்த இறால் சொதியை இரண்டு தரம் ஊற்றிச் சாப்பிட்டவர். சாப்பிட்டபடியே குடிகளைப் பற்றிக் கேட்பார். நானும் ஆய்வு பற்றித்தானே கேட்கிறார் என்று ஒன்று விடாமல் சொன்னேன். வெளியிலிருந்து வருகிற ஆள் ஊரைக் கூட்டினால் வெற்றிலைத் தட்டமான வட்டாவை ஏந்தி வந்து குடித் தலைவர்களுக்கு வைக்க வேண்டும். முதல் வெற்றிலை எங்கள் குடிக்கு. அதற்காக முன்பு தொடங்கிய ஒரு வழக்கே இன்னும் முடியவில்லை. மாற்றி வைத்தால் ஊரே இரண்டாகிவிடும். இவ்வளவையும் சொன்னேன். "இது நல்ல அத்தியாயம் தர்சினி," என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

கூட்டம் கோயில் மண்டபத்தில் நடந்தது. பணிமனை அதிகாரிக்கு நம் வழக்கம் தெரியாது என்பதால் சேரே வட்டாவை ஏந்தினார். வேட்டி கட்டி, திருநீறு பூசி, பார்க்கவே கண்ணுக்கு நிறைவாக வந்தார். வந்தவர் நேரே போய் மற்றக் குடித் தலைவர் முன்னால் குனிந்தார்.

அந்த மனிதர்கூடத் திகைத்துப்போய், கை நீட்டுவதா விடுவதா என்று தெரியாமல், கடைசியில் எடுத்துவிட்டார். குஞ்சித்தம்பி மாமா சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு எழும்பினார். அவருக்குப் பின்னால் எங்கள் ஆட்கள் எல்லாரும் எழும்பிப் போனார்கள். மண்டபத்தில் பாதிப் பாய்கள் வெறுமையாகக் கிடந்தன.

சேர் என்னிடம் வந்தார். முகம் கறுத்திருந்தது. "மறந்திட்டன் தர்சினி. அவ்வளவு பேரைக் கண்டதும் எல்லாம் மாறிப் போச்சு. உங்கட அம்மாட முகத்தில நான் எப்பிடி முழிப்பன்?"

நான் அவரைத் தேற்றினேன். அதை இப்போது நினைத்தாலும் என்னை நானே அறைய வேண்டும் போலிருக்கிறது. தேநீர் வாங்கிக் கொடுத்து, "பரவால்ல சேர், மாமாவோட நான் கதைக்கிறன்," என்று சொல்லி அனுப்பினேன்.

மாமா பிடி கொடுக்கவில்லை. மற்றக் குடித் தலைவர் மறுநாளே கையெழுத்துப் போட்டுவிட்டார். மாதம் முடிய ஒரு சில நாட்களே இருந்தன. அந்த வாரம் பார்த்து அரசாங்க ஆஸ்பத்திரியில் அம்மாவுக்கு இடம் கிடைக்கவில்லை. அதனால் எழுவான்கரையில் உள்ள தனியார் நிலையம் ஒன்றுக்கு முதன்முதலாகக் கூட்டிப்போனேன். குளிரூட்டிய அறை, நல்ல கதிரைகள். தாதி பர்ஸானா அன்பான பிள்ளை. அம்மாவின் விலாசத்தைக் கேட்டதும், "படுவான்கரையா? எங்களுக்கு வாற ஆக்கள்ல பாதிக்கு மேல அந்தப் பக்கம்தான் அன்ரி," என்றாள். நான் பல்கலைக்கழகத்தில் படிப்பதாகச் சொன்னதும் அவள் முகம் மலர்ந்தது.

"அப்ப எங்கட சேரைத் தெரிஞ்சிரிக்குமே. மேலதான் இரிக்கார். கூப்பிடவா?"

"எந்தச் சேர்?"

"கிரிசாந்த் சேர். முதலாளியம்மாட மருமகன்."

எங்கள் பக்கத்தில் ஓர் ஆணைப் பற்றி விசாரித்தால் எந்த ஊர் என்று கேட்பதில்லை, எங்கே கலியாணம் முடித்தவர் என்றுதான் கேட்பார்கள். ஆண் போய் இருப்பது பெண்சாதி வீட்டில். அவன் சோறும் சொந்தமும் அங்கேதான். மீன் விற்க வருகிறவனிடம்கூட அம்மா அதைக் கேட்டுவிட்டுத்தான் மீனைத் தொடுவார். மருத்துவர் சங்கத்தையும் இறக்குமதிக்காரனையும் துருவித் துருவிப் படித்த நான், என் சேரிடம் மட்டும் அதைக் கேட்கவில்லை. படித்த மனிதரிடம் அதெல்லாம் கேட்பது நாகரிகம் இல்லை என்று விட்டிருந்தேன்.

அவர் படியிறங்கி வந்தார். என்னைக் கண்டதும் ஒரு நொடி நின்றார், பிறகு பழையபடி சிரித்தார். நான் கேட்டேன்.

"மறக்கல்ல என்ன சேர்?"

அவர் மறுக்கவில்லை. அம்மாவுக்குக் கேட்காத தூரத்துக்கு என்னைக் கூட்டிப்போய், வகுப்பில் பாடம் விளக்குகிற அதே குரலில் சொன்னார். "நான் பொய்க் கடிதம் எழுதல்ல தர்சினி, ஆருக்கும் காசு குடுக்கல்ல. ஒரு வெற்றிலை மாறி வைச்ச. அதுக்கு எழும்பிப் போனது உங்கட ஆக்கள். அது என்ட பிழையா?"

"நான் உங்கள நம்பிச் சொன்னனான்."

"அம்மாக்குக் கட்டணத்தைக் குறைக்கச் சொல்லுறன்," என்றார்.

வேலியே பயிரை மேய்ந்தது என்பார்கள். இங்கே வேலிக்குப் பயிர் எங்கே இளசாக இருக்கிறது என்று காட்டிக்கொடுத்ததும் நான்தான். அழுகை வந்தது, அவருக்கு முன்னால் அழவில்லை. அம்மாவை வீட்டில் விட்டுவிட்டு, ஒன்றும் சொல்லாமல், மாமாவிடம் ஓடினேன். ஓடும்போது ஒருவகைச் சந்தோஷம்கூட இருந்தது. உண்மை தெரிந்துவிட்டது, இனி மாமாவுக்குக் கோபிக்கக் காரணம் இல்லை, மாதம் முடிய இன்னும் நாள் இருக்கிறது. ஒரு கையெழுத்துத்தானே.

மாமா வட்டையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். கிணற்றடியில் காலில் ஒட்டிய வயல் சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் மூச்சு வாங்க எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் ஒரு கால் கழுவி மற்றக் காலுக்கு வந்தார்.

"தெரியும்," என்றார்.

"என்ன தெரியும்?"

"அவன் வேணுமெண்டுதான் வைச்சான் எண்டு. அவன் எங்க முடிச்சவன் எண்டு அண்டைக்கே விசாரிச்சிட்டன்."

"தெரிஞ்சுமா மாமா கையெழுத்து வைக்காம இரிக்கிறீங்க?"

"ஆர் வைச்சது, என்னத்துக்கு வைச்சது எண்டு எவன் பார்க்கப்போறான்? அவங்களுக்கு முதல்ல வைச்சதை ஊர் பார்த்திட்டு. இப்ப கையெழுத்தும் அவங்க முதல்ல போட்டுட்டாங்க. அதுக்குக் கீழ நான் போட்டா, மறுகா கோயில்லயும் அவங்களுக்குப் பின்னாலதான் நிக்கோணும். வழக்குல அதைத்தான் காட்டுவாங்க."

தன் மூக்கறுந்தாலும் எதிரிக்குச் சகுனப்பிழை ஆக வேண்டும் என்பது இதுதான். ஆனால் இங்கே அறுபடப்போவது அவர் மூக்கு இல்லை. நான் அதைச் சொல்லியேவிட்டேன். "சாகப்போறது நீங்க இல்ல மாமா. அம்மா. உங்கட தங்கச்சி."

மாமா என் பேச்சுக்குக் கோபிக்கவில்லை. அதுதான் எனக்குப் பயத்தைத் தந்தது. வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, பாவப்பட்ட ஒரு பிள்ளையைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார்.

"வசந்தாட்டக் கேக்காம நான் செய்வனா மனே? கூட்டம் முடிஞ்ச அண்டைக்குப் பின்னேரமே நான் வந்து கேட்ட. நீ சொன்னா வைக்கிறன் வசந்தா, ஊர் சிரிச்சாலும் பரவால்ல எண்டு நான் சொன்ன. கொம்மாதான் வேணாம் எண்டவ."

வீட்டுக்கு எப்படி நடந்து வந்தேன் என்று தெரியாது. அம்மா கட்டிலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார், தான் உண்ணக் கூடாத கீரை, எனக்காக. நான் கேட்டதும் கை நின்றது. மறைக்க அவர் முயலவே இல்லை.

"ஓம். நான்தான் சொன்ன."

"ஏன்?"

"நான் இன்னும் எத்தின காலம்? குடி அப்பிடியில்ல. அது உன்ட வயித்தாலதான் போகோணும். நாளைக்கு உன்ட புள்ளைகள் கோயில்ல பின்னுக்கு நிக்கிறதா?"

எனக்கு இன்னும் கலியாணம்கூட ஆகவில்லை. பிறக்காத பிள்ளைகள் எந்த வரிசையில் நிற்பார்கள் என்பதற்காக, பிறந்தவர்கள் வாவிக் கரையில் மூச்சு வாங்கி நிற்க வேண்டுமாம்.

"உங்களுக்காகத்தானேம்மா நான் இவ்வளவும் ஓடினது."

"நான் ஓடச் சொன்னனானா?" என்றார் அம்மா. கடுமையாகச் சொல்லவில்லை. உண்மையாகவே கேட்டார்.

சேர் செய்தது வெறும் களவு. களவுக்கு ஒரு பெயர் இருக்கிறது, திட்டலாம், காறித் துப்பலாம். இதை என்ன செய்வது? என் சொந்தத் தாய் என் முதுகுக்குப் பின்னால் எனக்கு எதிராக வாக்குப் போட்டிருக்கிறார், அதுவும் எனக்காக என்று சொல்லி. கூட்டத்தன்று தொட்டு நான் மாமாவிடம் நடையாய் நடந்ததை, ஒவ்வொரு தரமும் சோர்ந்து திரும்பியதை அம்மா பார்த்துக்கொண்டே இருந்தார். "சாப்பிடு புள்ள," என்று மட்டும் சொன்னார். அன்றிரவு நான் சாப்பிடவில்லை. அவரோடு பேசவும் இல்லை.

மாதம் முடிந்தது. இயந்திரங்கள் வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டன. ஊரில் சிலர் சேரைத் திட்டினார்கள், சிலர் மாமாவைத் திட்டினார்கள். அம்மாவின் பெயரை யாரும் எடுக்கவில்லை. மாறாக, "பாவம் வசந்தா, கூடப்பிறந்தவனே இப்பிடிச் செய்திட்டான்," என்று வீட்டுக்கு வந்து இரங்கிவிட்டுப் போனார்கள்.

அடுத்த தரம் துறைக்குப் போனபோது காற்றாக இருந்தது. பாதை அக்கரையிலேயே நின்றது, வருமா வராதா என்று யாருக்கும் தெரியவில்லை. தக்சிகா வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தாள். முகம் ஊதியிருந்தது, கையில் திருத்தாத விடைத்தாள் கட்டு. தள்ளி அம்மாவுக்கு இடம் கொடுத்தாள்.

"இங்கேயே மெசின் வந்திரிந்தா இண்டைக்குப் பள்ளிக்கூடம் போயிரிப்பன்," என்றாள் அவள். பிறகு அம்மாவின் பக்கம் திரும்பி, மரியாதையாக, மனசில் ஒரு களங்கமும் இல்லாமல் கேட்டாள். "குறை நினைக்காதீங்க மாமி. நீங்க ஒரு சொல்லு சொல்லியிரிந்தா உங்கட அண்ணன் கேட்டிரிப்பார்தானே?"

அம்மா அவளுடைய வீங்கிய கையை எடுத்துத் தன் மடியில் வைத்துத் தடவினார்.

"சொல்லாம இரிப்பனா புள்ள. கால்ல விழாத குறையாச் சொன்ன. அவர் கேக்கல்ல."

தக்சிகாவின் கண் கலங்கிவிட்டது. "நீங்க என்ன மாமி செய்வீங்க," என்றாள். அம்மா அவள் தலைக்கு மேலால் என்னைப் பார்த்தார். தக்சிகாவிடம் உண்மையைச் சொல்ல ஒரு வரி போதும். நான் வாயைத் திறக்கவில்லை.