மணிக்கட்டிலிருந்து தரை வரை

1

இந்தக் கதை எனக்குத் தரைப்பலகை இடுக்கு வழியாகக் கிடைத்தது. சொந்தக் கற்பனை என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் நான் குடியிருப்பது யெத்தேரின் கைத்தடிப் பட்டறைக்கு நேர் மேலே. கீழே அவள் இழைப்பது, தட்டுவது, திட்டுவது எல்லாம் அப்படியே மேலே வந்துவிடும். நான் படிக்கிற மொழிபெயர்ப்பு நாவல்களில் எழுத்தாளர்களுக்குக் கதை கனவில் வருகிறது, கடல் மூடுபனியில் வருகிறது. எனக்கு மரத்தூளோடு வந்தது. இரண்டு தும்மல் போட்டுவிட்டு எழுத உட்கார்ந்தேன்.

முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

"மூடுபனி தெவ்ரெக் நகரத்தின் மேல் ஒரு பழைய துக்கத்தைப் போல இறங்கிய காலையில், கைத்தடியைச் சுற்றியிருந்த மரப்பாம்பு மெல்லக் கண் திறந்து—"

எனக்கே புல்லரித்தது. உடனே கீழே கொண்டுபோய் யெத்தேரிடம் வாசித்துக் காட்டினேன். அவள் உப்புத்தாளைக் கீழே வைக்காமலே கேட்டாள்.

"கண்ணைத் தொறந்துச்சா?"

"ஆமாம்."

"எந்தத் தடி?"

"சும்மா, கதையில வர்ற தடி."

"என் கடையில தொங்கறதுல பாதிக்கு மேல பாம்புத் தடிதான். ஒண்ணு கண்ணைத் தொறந்துச்சுன்னு வெளிய தெரிஞ்சா எவன் வாங்குவான்? பொழப்பக் கெடுக்காதீங்க எழுத்தாளரே."

பாம்பை அங்கேயே விட்டுவிட்டேன். (அது இந்தக் கதையில் இனிக் கண் திறக்காது. உங்களுக்கு ஏமாற்றமாக இருக்கலாம். எனக்கும்தான்.)

2

யெத்தேர் என்றால் துருக்கி மொழியில் 'போதும்'. நம் பக்கத்துப் போதும்பொண்ணுகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வரிசையாகப் பெண்ணாகப் பிறந்தால் கடவுளுக்குச் சாடையாகச் சொல்லிப் பெயர் வைக்கிற வழக்கம் இங்கேயும் உண்டு. அவளுக்கு முந்தியவள் பெயர் தோந்தூ. 'திரும்பிவிட்டது' என்று பொருள். அதிர்ஷ்டம் திரும்பிவிட்டது, அடுத்தது பையன்தான் என்று நம்பி அப்பா வைத்த பெயர். திரும்பவில்லை.

"நீ ஒழுங்காத் திரும்பியிருந்தா எனக்கு இந்தப் பேரு வந்திருக்குமா அக்கா?" என்று யெத்தேர் சீண்டுவாள்.

"நீ பொறந்ததும் அப்பா வாயில வந்த மொத வார்த்தையே அதுதான்டி. பேருக்குன்னு தனியா யோசிக்கவே இல்ல" என்று தோந்தூ திருப்பிக் கொடுப்பாள்.

இதெல்லாம் இந்தப் பனிக்காலத்துக்கு முன்னால். இப்போது அக்காளும் தங்கையும் பேசுவதில்லை. கதை அதைப் பற்றித்தான். பாம்பைப் பற்றி என்று நினைத்தது என் தப்பு.

3

நடந்தது இது. (நடந்ததை நடந்தபடி எழுதுவதற்குத் திறமை தேவையில்லை என்பதால் இந்தப் பகுதி நன்றாக வரும்.)

தோந்தூ கணவனை இழந்தவள், மேட்டுத் தெருவின் உச்சியில் தனியாக இருக்கிறாள். ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் புதிய வெளிர்மஞ்சள் கோட்டை மாட்டிக்கொண்டு இறங்கி வந்தாள். தெருவில் பனி உறைந்து கண்ணாடியாகக் கிடந்தது. டீக்கடைக்கும் யெத்தேரின் பட்டறைக்கும் நடுவில் வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு போய்விட்டது.

சத்தம் கேட்டு யெத்தேர் ஓடிவந்தாள். தடிக்குப் பூசுகிற சாயம் அவள் இரண்டு கையிலும் முழங்கை வரை வழிந்துகொண்டிருந்தது. பட்டால் தோலையும் துணியையும் விடாத சாயம். புதுக்கோட்டைப் பார்த்தாள், தன் கையைப் பார்த்தாள். அக்குளில் இடுக்கியிருந்த தடியை எடுத்து அக்காவிடம் நீட்டினாள்.

டீக்கடை வாசலில் இருந்த ஒருவன், யாரென்று சொல்ல வேண்டாம், உரக்கச் சொன்னான்: "பாருங்கடா, யெத்தேர் யாவாரத்த ஆரம்பிச்சுட்டா!"

எல்லாரும் சிரித்தார்கள். எலும்பு முறிந்து கிடந்த தோந்தூவின் காதில் அந்தச் சிரிப்பு விழுந்தது.

"நான் மல்லாந்து கெடக்கறேன், கூடப்பொறந்தவ கை குடுக்காம கம்ப நீட்டறா" என்று ஆஸ்பத்திரியில் பார்க்கப்போனவர்களிடமெல்லாம் சொன்னாள். யெத்தேர் போனபோது சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அறுவைச் சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்தாயிற்று. தடி ஊன்றித் தெருவில் நடந்தே ஆக வேண்டும், இப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தால் கால் இறுகிவிடும், அப்புறம் வாசல் தாண்ட முடியாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். தடியைத் தொடுவதற்குப் பதில் தவழ்ந்தே போவேன் என்கிறாள் தோந்தூ. ஆஸ்பத்திரியில் கொடுத்த அலுமினியத் தடியைச் சமையலறை ஜன்னலுக்கு முட்டுக் கொடுத்திருக்கிறாள்.

4

இந்த இடத்தில் தோந்தூ என்கிற பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. கடைக்குக் கடை கைத்தடி தொங்குகிற ஊர் இது. இந்த ஊரில் ஒருத்தி தடியைத் தொடமாட்டேன் என்று உட்கார்ந்தால் வாசகர் நம்புவாரா? அவளுக்குள் ஆழமாக ஒரு சோகம் வேண்டும் என்று தோன்றியது. எழுதினேன்:

"அவள் இளமையில் ஒரு மாலுமியை நேசித்தாள். அவன் போன கப்பல் கருங்கடலின்—"

இதைத் தையற்காரி பின்னாஸிடம் சொன்னேன். தோந்தூ வீட்டுக்கு இன்னும் போய்வருகிற ஒரே ஆள் அவள்தான்.

"தோந்தூவுக்குக் காதலனா? கட்டினவரே அவகிட்ட பயந்து பயந்துதான் பேசுவாரு. கப்பல்ல போனவன் பொழச்சான்னு எழுதுங்க."

மாலுமியைக் கடலிலேயே விட்டேன். தோந்தூவுக்குள் ஆழம் எதுவும் இல்லை, வீம்புதான். அது எனக்குப் போதாமல் இருந்தது. யெத்தேருக்கு அதுவே தாங்க முடியாத அளவுக்கு இருந்தது.

5

யெத்தேர் ஒரு முடிவுக்கு வந்தாள். அக்காவுக்கு ஒரு தடி செய்வது. யாருக்கும் செய்யாத மாதிரி செய்வது. அதைப் பார்த்தால் வீம்பு கரையும் என்று ஒரு கணக்கு. (கலையின் வலிமையைப் பற்றி இங்கே ஒரு பக்கம் எழுதியிருந்தேன். நீங்கள் படிக்க நேராமல் தப்பித்தீர்கள்.)

தடிக்கு அளவு வேண்டும். ஆள் நிமிர்ந்து நிற்க வேண்டும், கை தளர்ந்து தொங்க வேண்டும், மணிக்கட்டு எலும்பிலிருந்து தரை வரை அளக்க வேண்டும். பேசாத அக்காவை எப்படி நிற்கச் சொல்வது? விழுந்ததில் கிழிந்த கோட்டைச் சரிசெய்ய பின்னாஸ் தோந்தூ வீட்டுக்குப் போகப்போவதாகத் தெரிந்ததும் யெத்தேர் அவளை மறித்துக்கொண்டாள்.

"ஒரே ஒரு அளவு பின்னாஸ். அவளுக்குத் தெரியக் கூடாது."

"அளவெடுக்கறதுதான்டி என் தொழிலு. திருடறது இல்ல."

"கைநீளம் பாக்கற மாதிரி மணிக்கட்டுல டேப்ப வையி. அப்படியே கீழ எறங்கிடு."

"மணிக்கட்டுலேர்ந்து தரைக்கு எந்தக் கோட்டுடி போகுது? அவ என்ன கேனையா?"

"ஏதாவது சொல்லு. புது ஃபேஷன்னு சொல்லு."

"அவளுக்கு ஃபேஷன்னு சொன்னாலே கோவம் வரும்."

போனாள். சாயங்காலம் டேப்பில் குறியிட்ட இடத்தில் ஒரு குண்டூசி குத்திக் கொண்டுவந்து பட்டறை மேசையில் வைத்தாள். ஒரு கிளாஸ் டீயை ஒரே மடக்கில் குடித்தாள். "இனிமே இந்தப் பாவத்துக்கெல்லாம் என்னக் கூப்பிடாத" என்றாள்.

அவர்கள் இரண்டு பேருமே அந்த அளவில் எதையும் கவனிக்கவில்லை. நான் எழுதும்போதுகூடக் கவனிக்கவில்லை.

6

தடிக்கு எடுத்தது, இந்தப் பக்கத்தில் புளிப்பான சிவப்புப் பழம் பழுக்கிற ஒரு மரத்தின் கிளை. குளிர்காலத்தில் வெட்டிக் காயவைத்தது. கோணல் இருக்கும் இடமெல்லாம் சூடு காட்டி, முழங்காலில் அழுத்தி நிமிர்த்தினாள். கைப்பிடி வால்நட் மரம். இரண்டு பாம்புகள் கீழேயிருந்து ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு ஏறுகின்றன. கைப்பிடிக்குக் கீழே தலைகள் சந்திக்க வேண்டும். இந்தத் தடியில் சந்திக்காமல் ஒன்றையொன்று முறைக்கின்றன. எதை நினைத்துச் செதுக்கினாள் என்று நான் கேட்கவில்லை.

வழக்கமாகத் தடியை நீளமாகவே விட்டுவைத்து, வாங்குகிறவர் ஊன்றிப் பார்த்த பிறகுதான் அடியை அறுப்பாள். நீளமான தடியை எப்போது வேண்டுமானாலும் குறைக்கலாம். குட்டையானதை ஒன்றும் செய்ய முடியாது. இந்த முறை ஊன்றிப் பார்க்க ஆள் இல்லை. குண்டூசியை நம்பி ரம்பத்தை வைத்தாள். ரம்பம் என்பது விதியின் பற்கள்— (அடித்துவிட்டேன், அடித்துவிட்டேன்.) அறுத்தாள். அடியில் பித்தளைப் பூண் போட்டாள்.

கைப்பிடிக்குக் கீழே சொந்தக்காரர் பெயரைச் செதுக்குவது வழக்கம். அந்த இடம் வெறுமையாக இருந்தது.

"பேரு போடலையா?"

"என்னன்னு போடறது? தோந்தூன்னா 'திரும்பிட்டா'ன்னும் ஆகுது. இன்னும் என் பக்கமே திரும்பாதவளுக்கு அதப் போட்டா பொய்யில்லையா? மொதல்ல திரும்பட்டும்."

இப்படி ஒரு வரியை நான் எழுதியிருந்தால் மூன்று நாள் மிதந்திருப்பேன். அவள் சொல்லிவிட்டு மூக்கைச் சிந்தினாள்.

7

நேற்று பின்னாஸ் தைத்த கோட்டுக்குள் சுற்றித் தடியை மேலே கொண்டுபோனாள். அங்கே நடந்தது அவள் வாய்மொழி.

தோந்தூ தடியைப் பார்த்தாள். கைப்பிடியைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு, "ஒரு பாம்புக்கு மூக்கு கோணலா இருக்கு" என்றாள். பிறகு எடுத்து ஊன்றினாள். கூடத்திலிருந்து சமையலறைக்குப் போனாள், திரும்பி வந்தாள். சுவரைத் தொடவில்லை. முதுகு நேராக இருந்தது. பின்னாஸுக்கு அழுகை வந்துவிட்டது. தோந்தூ யாரும் சொல்லாமலே கோட்டை மாட்டினாள், வாசலுக்கு நடந்தாள், நடைவாசலில் உட்கார்ந்து ஷூவைப் போட்டுக்கொண்டாள். டாக்டர் சொன்ன தடித்த அடிகொண்ட ஷூ. எழுந்தாள்.

தடி தரையைத் தொடவில்லை. தொட வைத்தபோது அவள் ஒரு பக்கமாகச் சாய்ந்தாள், ஆணி போன கடைப்பலகை மாதிரி.

பின்னாஸ் நாக்கைக் கடித்துக்கொண்டாள். இந்த ஊரில் யார் ஷூவோடு வீட்டுக்குள் நிற்கிறார்கள்? அவள் ஆயுளில் எடுத்த அளவெல்லாம் கம்பளத்தின் மேல், காலுறையோடு நின்றவர்களிடம் எடுத்தது. பாவாடைக்கு அது போதும். யெத்தேருக்கும் ஷூவைப் பற்றிச் சொல்லிவிடத் தோன்றவில்லை. அவளிடம் வருகிறவர்கள் தெருவிலிருந்து நேராகப் பட்டறைக்குள் வருகிறவர்கள். ஷூ தானாகவே அளவுக்குள் சேர்ந்துவிடும். ஒருத்தி வீட்டு அளவெடுத்தாள், இன்னொருத்தி தெருத்தடி செய்தாள்.

8

இன்று காலை கீழே போன் அடித்தது. கையில் சாயம் என்பதால் யெத்தேர் ஸ்பீக்கரில் போட்டாள். நான் தரையில் காதை வைத்துப் படுத்தேன். (இலக்கியம் எவ்வளவு கம்பீரமான தொழில் என்று இப்போது தெரிந்திருக்கும்.)

"யாருக்குடி செஞ்ச இத? ஆட்டுக்குட்டிக்கா?"

மாசக்கணக்கில் கேட்காத குரல்.

"வீட்டுக்குள்ள ராணி மாதிரி நடக்கறேன். வாசல்ல ஷூவப் போட்டா குடிகாரன் மாதிரி சாயறேன். இதான் ஒன் கைவேலையா?"

"அக்கா..."

"என்ன அக்கா? பேரக்கூடப் போடல. எவனோ வேண்டாம்னு விட்டுட்டுப் போனத எந்தலையில கட்டிட்டியா?"

"உனக்குன்னுதான் செஞ்சேன்."

"அப்ப பேரு எங்க?"

"ஷூவப் போட்டுக்கிட்டு எறங்கி வா. சரியா அளவெடுத்து வேற செய்யறேன். பேரும் போடறேன்."

"நீ மேல வா."

"வந்தா மறுபடி கம்பளத்து மேலதான் நிப்ப. தெருவுலதான நடக்கப்போற? தெருவுல வந்து நில்லு."

"டீக்கடையில எல்லாரும் பாப்பாங்க."

"பாக்கட்டும்."

"கோணலா வருவேன்டி."

"கோணலாவே வா."

போன் நின்றுவிட்டது. வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

9

முடிவுகள். அவசர அவசரமாக எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவு: தோந்தூ கோணலாக இறங்கி வருகிறாள், டீக்கடையே எழுந்து நிற்கிறது. (அவர்கள் மாவட்ட ஆளுநருக்கே எழுந்திருக்கவில்லை. கிழித்தேன்.)

இரண்டாம் முடிவு: யெத்தேர் சாயக்கையைக் கழுவிக்கொண்டு மேட்டில் ஏறி ஓடி, அன்று நீட்டாத கையை இன்று நீட்டுகிறாள். எழுதும்போதே கண் கலங்கிவிட்டது. அதனாலேயே கிழித்தேன். அந்தச் சாயம் கழுவினால் போகாது. அது மட்டுமல்ல, அக்கா நடந்து வர வேண்டிய தெருவில் தங்கை ஏறி ஓடினால் கால் யாருக்குக் குணமாகும்?

மூன்றாம் முடிவு: பாம்பு— (இல்லை. சும்மா ஆசைப்பட்டுப் பார்த்தேன்.)

10

"எழுத்தாளரே, மேல இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"எழுதறத வெச்சுட்டு ஜன்னல்ல நில்லுங்க. அவ வீட்டு வாசல் தெரியுதா?"

"தெரியுது."

"நான் பாக்க மாட்டேன். நான் பாக்கறது தெரிஞ்சா அப்படியே உள்ள போயிடுவா." நாற்காலியைத் தெருவுக்கு முதுகு காட்டித் திருப்பிப் போடும் சத்தம் கேட்டது.

ஜன்னலில் நிற்கிறேன். மேட்டின் உச்சியில் கதவு திறந்திருக்கிறது. வெளிர்மஞ்சள் கோட்டு. ஒரு பக்கமாகச் சாய்ந்த உருவம். ஷூ போட்ட கால் ஒன்று தெருவில் இருக்கிறது. மற்றது எங்கே என்று இங்கிருந்து தெரியவில்லை. கீழே டீக்கடையில் ஒருவன் அண்ணாந்து பார்க்கிறான், பக்கத்தில் இருப்பவனை முழங்கையால் இடிக்கிறான். உருவம் அசையாமல் நிற்கிறது.

வந்துவிட்டாள் என்று ஒரு வரி எழுத எனக்கு எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் நான் எதைச் சொன்னாலும் கீழே இருப்பவள் நம்பிவிடுவாள். பாம்பைக் கண் திறக்க வைக்கப் பார்த்த ஆள் நான். என்னை இதற்கு நம்பக் கூடாது.

கொஞ்சம் நகர்கிறேன். இப்படி ஜன்னலுக்கு வாருங்கள். 

"வர்றாளா?" என்று யெத்தேர் கேட்கிறாள்.

நீங்கள் சொல்லுங்கள். பார்த்துச் சொல்லுங்கள்.