வாசிக்காமல் விட்ட ஆவர்த்தனம்

வித்வானின் பேரும் புகழும் அவர் வாசித்ததால் வந்ததைவிட, ஒரு நாள் வாசிக்காமல் விட்டதால் வந்ததுதான் அதிகம். பாட்டு நின்று மிருதங்கம் மட்டும் பேசுகிற தனி. கை வெறிபிடித்து ஓடிக்கொண்டிருந்தபோது சட்டென்று நிறுத்தினார். தாளம் ஓர் ஆவர்த்தனம், ஒரு முழுச் சுற்று, சும்மா சுற்றியது. அடுத்த சுற்றின் முதல் அடியில் இம்மி பிசகாமல் கை விழுந்தது. கூட்டம் எழுந்து நின்று தட்டியது.

அந்தக் கச்சேரியின் ஒலிப்பதிவு நாடெல்லாம் போயிற்று. பத்திரிகைக்காரர்கள் விடுவார்களா? மௌனத்தையே வாத்தியமாக்கியவர் என்றார்கள். ஒரு புண்ணியவான் அதில் தத்துவம்கூடக் கண்டுபிடித்தார். சிஷ்யர்களெல்லாம் அதே இடத்தில் நிறுத்தி, அரைக்கண் மூடிக்கொள்ளப் பழகினார்கள். அன்றைக்கு வித்வான் கண்ணை மூடவே இல்லை. பக்கவாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது பதிவில் தெரியாது.

இன்று அவருக்குப் பாராட்டு விழா. வாசிக்கப்போவது அவருடைய ஒரே மகள். மேடைக்குப் பின்னாலிருந்த அறையில், மிருதங்கத்தின் இடது பக்கத்தில் பூச ரவையைத் தண்ணீர்விட்டுப் பிசைந்துகொண்டிருந்தாள்.

"பாப்பா, அந்த இடத்துல நிறுத்தாத. எதையாவது வாசிச்சு நிரப்பிடு."

"என்னப்பா நீங்க. வந்தவங்கள்ல பாதிப் பேர் அதுக்குத்தான் வந்திருக்காங்க."

"அவங்க கிடக்கட்டும்."

"ஏன்னு கேட்டா, கை வலிச்சுது நிறுத்தினேன்னு ஜோக்கடிப்பீங்க. இன்னிக்கு ஒழுங்கா காரணம் சொல்லுங்க. இல்லேன்னா நிறுத்தத்தான் போறேன்."

ஊரார் பிள்ளைகள் அந்த இடத்தில் நிறுத்தும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் அவர். இவள் நிறுத்தினால் தாங்க மாட்டார். சொல்லாமல் தப்பிக்கவும் வழியில்லை.

"அது உங்க அம்மாவுக்கு ஆபரேஷன் நடந்த அன்னிக்கு."

"தெரியுமே. கச்சேரி முடிஞ்சு வெளிய வந்தப்போதானே மாமா விஷயத்தைச் சொன்னாரு."

"உனக்கு அப்படிச் சொல்லி வச்சேன்."

பிசைந்துகொண்டிருந்த கை நின்றது.

அன்றைக்குக் கச்சேரிக்குப் போகச் சொன்னதே மனைவிதான். "சின்ன ஆபரேஷன். நீங்க இங்க உட்கார்ந்து கட்டில் கம்பியில தாளம் போட்டா எனக்குத் தலைவலிதான் மிச்சம்" என்று சிரித்துக்கொண்டே விரட்டினாள். மச்சானிடம் ஓர் ஏற்பாடு செய்துவிட்டு வித்வான் கிளம்பினார். எல்லாம் நல்லபடியாக முடிந்தால், மச்சான் வந்து முன்வரிசையில் உட்கார வேண்டும். மேடையிலிருந்து பார்த்தாலே தெரிந்துவிடும்.

"மாமா வந்தாரு. உட்காரல. பக்கவாசல்லயே தூணைப் பிடிச்சுக்கிட்டு நின்னாரு. என் கை நின்னுடுச்சு."

"அப்புறம்?"

"தாளம் சுத்தி வந்துச்சு. கை தானா விழுந்துடுச்சு."

"நான் கையைப் பத்திக் கேக்கல. அப்புறம்?"

"தனியை முடிச்சேன். மிச்சம் ரெண்டு பாட்டு இருந்துச்சு. அதுக்கும் வாசிச்சேன். எழுந்து போகத் தெரியலம்மா எனக்கு."

அன்று ஆஸ்பத்திரியில் மனைவியின் சில்லிட்டுப்போன கன்னத்தைத் தொட்டபோது அவர் இடது கையில் காய்ந்திருந்த ரவை அதில் ஒட்டியது. துடைக்கத் துடைக்க இன்னும் ஒட்டியது. அதை அவர் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை, இப்போதும் சொல்லவில்லை.

மகள் கீழே பார்த்தபடியே பேசினாள். "மாமா உங்களைத் தேடி வந்த நேரம் நான் ஆஸ்பத்திரி நடையில பெஞ்சுல தனியா உட்கார்ந்திருந்தேன். ஒரு நர்ஸ் பிஸ்கட் குடுத்தாங்க. அப்பா இப்போ வந்துடுவாருன்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க. உங்களுக்குத் தெரியாது, அதான் வரலன்னு இத்தனை வருஷம் நினைச்சுக்கிட்டிருந்தேன்ப்பா."

அவர் வாயைத் திறப்பதற்குள் மேடையிலிருந்து கூப்பிட்டுவிட்டார்கள்.

இன்று அவள் வாசித்ததைப் போல அவளே இதற்கு முன் வாசித்ததில்லை. முன்வரிசையில் மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்த வித்வானுக்குப் பெருமை ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். நிரப்பிவிடு, நிரப்பிவிடு என்று உள்ளுக்குள் கெஞ்சினார். அந்த இடம் வந்தது. நிறுத்தினாள்.

பாடகரின் கை தொடையில் தாளத்தை எண்ணிக்கொண்டே போனது. கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. சுற்று முடிந்து முதல் அடி வந்தது. அவள் கை மடியிலேயே கிடந்தது. இன்னொரு சுற்றும் போயிற்று. பாடகர் அவளைப் பார்த்தார். அவள் அப்பாவைப் பார்த்தாள். பிறகு மிருதங்கத்தை மெல்லக் கீழே இறக்கி வைத்துவிட்டு, எழுந்து பக்கவாசல் வழியாக வெளியே போனாள்.

ஒரு நொடி அரங்கம் விழித்தது. பிறகு இதுவும் ஒரு புது உத்தி என்று எவரோ முடிவு செய்து தட்ட, மொத்தக் கூட்டமும் எழுந்து நின்றது.

"அப்பனை மிஞ்சிட்டாய்யா" என்று பக்கத்து நாற்காலிக்காரர் வித்வானின் கையைப் பிடித்துக் குலுக்கினார். வித்வான் கையை உருவிக்கொண்டார். மாலையைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, கைதட்டலுக்கு நடுவே பக்கவாசலை நோக்கி நடந்தார். பாதிக் கச்சேரியில் அவர் எழுந்து போவது இதுதான் முதல் தடவை.

வெளி நடையில் ஒரு பெஞ்சு. மகள் அதில் உட்கார்ந்து, கையில் காய்ந்துபோன ரவையைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அவள் நகர்ந்து இடம் கொடுக்கவில்லை, எழுந்து போகவும் இல்லை.

"வந்துட்டேன் பாப்பா" என்றார்.

"ரொம்ப லேட்டுப்பா" என்றாள்.